மருமக்கள் வழியும் கவிமணியின் சொற்களும்

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாட்டுக்கு உரை வேண்டுமா என்று கேட்டால், தமிழறிந்தார் பெரும்பாலோர் வேண்டாம் என்றே விடையிறுப்பர். பள்ளிப் பிள்ளைகள் பொருள் கேளாமலே பாடும் பாட்டு அவருடையது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டிய புலவர் அல்லர் அவர் என்பது பொதுவாக நிலவும் கருத்து. 'மலரும் மாலையும்', 'ஆசிய ஜோதி', 'உமர்கய்யாம் பாடல்கள்' என்னும் நூல்களைப் பொறுத்தவரை அக்கருத்துச் சரியானதே. ஆயினும் அவர் இயற்றிய நூல் ஒன்று மட்டும் இதற்கு விலக்காக நிற்கிறது. இன்று மதுரையிலோ தஞ்சையிலோ உள்ள இளைஞர் ஒருவர் அதனைக் கையில் எடுத்தால், பக்கத்துக்கு நான்கு இடங்களில் நின்றுவிடுவார். அந்நூலே 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்.'

1876 ஆம் ஆண்டில் தேரூரில் பிறந்து, நம் திருவனந்தபுரத்துப் பெண்கள் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணிபுரிந்து, 1931 இல் ஓய்வுபெற்று, 1954 இல் புத்தேரியில் மறைந்தவர் கவிமணி. மான்மியம் 1917, 1918 ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' என்னும் இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1942 இல் நூல் வடிவம் பெற்றது. செல்வமுள்ள காரணவர் ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண் தன் கதையைத் தானே சொல்லுவதாக அமைந்தது அது. நகைச்சுவை நூல் என்று அதனைச் சொல்வது வழக்கம். நகைப்பு இருக்கிறது, ஆனால் அதிலுள்ள சொற்களின் பொருள் விளங்க விளங்க, நகைப்பு அடங்கிவிடும். அச்சொற்களுள் சிலவற்றை எடுத்து, அவை எங்கிருந்து வந்தன, அந்தப் பெண்ணின் வாயில் என்ன பொருள் பெற்றன என்பதைக் காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நூலின் பெயரிலிருந்தே தொடங்கலாம். நாஞ்சில் என்றால் கலப்பை. மதிலின் உறுப்பு ஒன்றுக்கும் அப்பெயர் உண்டு. நாஞ்சில் வள்ளுவன் என்னும் தலைவனைப் புறநானூற்றுப் புலவர் பலர் பாடியிருக்கின்றனர். ஆகவே நாட்டின் பெயர் பழமையானது. இதில் தடையொன்றும் இல்லை.

அடுத்த சொல்லாகிய 'மருமக்கள்' என்பதில்தான் தடை தோன்றுகிறது. மருமகன் யார்? மகளைக் கொண்டவன் என்பர் சென்னையில் வாழ்வோர். உடன்பிறந்தாள் மகன் என்றும் ஒரு பொருள் உண்டு என்பதைச் சற்று எண்ணிப் பார்த்த பின்னரே சொல்வர். அம்மான் மகளை மணப்பது நம்மவர் வழக்கம் ஆதலால், உடன்பிறந்தாள் மகனே மகளைக் கொண்டவனாகவும் ஆகிவிடுகிறான். ஒரு சொல் இருவரையும் குறிக்கப் போதுமானதாயிற்று. 'மாமி' என்னும் சொல்லும் அவ்வாறே தந்தையின் உடன்பிறந்தாளையும், அம்மானின் மனைவியையும், கணவனைப் பெற்றவளையும் ஒருங்கே குறிக்கும். கன்னடத்திலும் துளுவிலும் 'அளிய' என்னும் சொல் மருமகனுக்குரிய இரு பொருளையும் தாங்கி நிற்பதும், அந்நாட்டுத் தாயமுறைக்கு 'அளியசந்தானம்' என்று பெயர் வழங்கியதும் இங்கே நினைக்கத் தக்கவை.

பெருமகன் என்பது பெருமான் என்றும், கோமகன் என்பது கோமான் என்றும் சுருங்குவதைப் போல, மருமகன் என்பது மருமான் என்று சுருங்கும். மருகன் என்பதும் அதன் இனம். இந்த 'மரு' என்பதை மருவுதல், அதாவது கூடுதல், பொருந்துதல் என்னும் வினையொடு சேர்த்துப் பொருள் காண்பார் உளர். பிறப்பால் வாராமல் பொருத்தத்தால் வந்த மகன் என்று அதற்கு அமைதி கூறுவர். இது நிற்க. வியப்பான செய்தி வேறொன்று உண்டு. சங்கப் பாட்டுக்களில் 'மருகன்' என்னும் சொல் வழித்தோன்றல் என்னும் பொருளில் பயின்று வருகிறது. இன்னான் மருகனே என்று அரசனை விளித்தால், அவன் குலத்தில் வந்தவனே என்பதே அங்கே பொருள். இவ்வாறு சொற்பொருள் நகர்வது தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் மொழியில் 'நெபோஸ்' என்னும் சொல் முதலில் பேரனையும் வழித்தோன்றலையும் குறித்து, பின்னர் உடன்பிறந்தார் மகனைக் குறிப்பதாயிற்று. உரோமாபுரியில் போப்பாண்டவர் சிலர் தம் உடன்பிறந்தார் மக்களுக்குப் பதவிகளை வாரி வழங்கியதைக் கண்டு, அச்சொல்லிலிருந்தே 'நெபோட்டிசம்' என்னும் வசைச்சொல்லை ஐரோப்பியர் படைத்துக்கொண்டனர். அங்கே வசையானது இங்கே சட்டமாக இருந்தது!

சேர மன்னரின் அரசுரிமை மகனுக்குச் சென்றதா, மருமகனுக்குச் சென்றதா என்று தமிழறிஞரிடையே நீண்ட வழக்கு நடந்திருக்கிறது. 'சேரர் தாயமுறை' என்னும் பெயரால் நாவலர் சோமசுந்தர பாரதியார் ஒரு நூலே எழுதினார். அந்த வழக்கில் இப்போது நான் நுழையவில்லை. வழித்தோன்றலைக் குறித்த பழஞ்சொல்லும் உடன்பிறந்தாள் மகனைக் குறித்த சொல்லும் ஒன்றாய் இருக்கக் கண்டால், அறிஞர்க்கு ஐயம் எழுவது இயல்பே என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

இனி 'வழி' என்னும் சொல். மலையாளத்தில் இம்முறைக்கு மருமக்கத்தாயம் என்று பெயர். நாஞ்சில் நாட்டுத் தமிழர் 'மருமக்கள்வழி' என்றனர். தாயம் என்பதனை 'தாய' என்னும் வடசொல்லின் வழிவந்ததாகத் தமிழ்ப் பேரகராதி காட்டும். தாய் என்னும் தமிழ்ச்சொல்லோடு இணைத்துப் பார்ப்பாரும் உளர். எவ்வாறாயினும் தாயம் என்றால் பங்காக வந்து சேரும் பொருள். தாயக்கட்டை உருட்டும்போது விழும் ஒன்றுக்கும் அதே பெயர் வாய்த்திருக்கிறது. சொத்துரிமையும் சூதும் ஒரு பெயரில் நிற்பதைக் கண்டு புன்முறுவல் பூப்பவர் பூக்கலாம். வழி என்பதோ வேறு வகைச் சொல். நடந்து செல்லும் பாதையும் வழி. பின்னே வருவதும் வழி. வழித்தோன்றல், வழிவழி, வழிமுறை என்னும் சொற்களில் அது குலத்தொடர்ச்சியைக் காட்டுகிறது. மலையாளச் சொல், பொருள் எவர் கையில் போய்ச் சேரும் என்று கேட்கிறது. நாஞ்சில் நாட்டுச் சொல், குலம் எவர் வழியாக நடக்கும் என்று கேட்கிறது.

இரண்டு நாட்டிலும் முறை ஒன்றே, பெயர்தான் வேறு என்று நினைத்துவிடக் கூடாது. மான்மியத்தைப் படிப்பவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டையே. மலையாளத்துத் தறவாட்டில் பெண் தான் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். கணவன் வந்து போவான். அவன் இறந்தாலும், பிரிந்தாலும் அவளுக்குத் தலைக்குமேல் கூரை இருந்தது. அவள் பிள்ளைகளுக்கு அவள் உடன்பிறந்தானுடைய சோறு இருந்தது. ஆகவே அங்கே மருமக்கத்தாயம் என்றால், குறைகள் பல இருப்பினும், பெண்ணுக்கு ஒரு நிழல். நாஞ்சில் நாட்டு வேளாளரோ மணமானபின் பெண்ணைக் கணவன் வீட்டுக்கு அனுப்பிவைத்தனர். இது தமிழ் வழக்கம். சொத்து மட்டும் மருமகனுக்குப் போயிற்று. அதன் விளைவு என்ன? கணவன் கண்மூடிய அன்றே, அவள் ஆண்டுக்கணக்காகச் சாணமிட்டு மெழுகிய வீடு கணவனுடைய மருமகனுக்கு உரியதாகிவிடும். அவளும் அவள் பெற்ற மக்களும் அவ்வீட்டிற்கு அயலார். தமிழர் மணமுறையும் மலையாளத்துத் தாயமுறையும் ஒரே வீட்டில் சந்தித்தபோது, இரண்டுக்கும் நடுவே அகப்பட்டவள் பெண். பொருநை நாட்டிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருபவன் கேட்கும் 'மருமகன்' வேறு. திருவனந்தபுரத்து நாயர் வீட்டில் கேட்கும் 'மருமகன்' வேறு. கவிமணியின் கதைத்தலைவி சொல்லும் 'மருமகன்' வேறு. மூன்றாவது மருமகன், தன் மக்களை வெளியேற்றப் போகிறவன்.

இத்தகைய முறையின் கதைக்குக் கவிமணி இட்ட பெயர் 'மான்மியம்' என்பது. மாகாத்மியம் என்னும் வடசொல்லே தமிழில் மான்மியம் ஆயிற்று. பெருமை என்பது அதன் பொருள். தலத்தின் பெருமை, தீர்த்தத்தின் பெருமை, விரதத்தின் பெருமை ஆகியவற்றைச் சொல்லும் நூல்களுக்கு அப்பெயர் வழங்கும். மருமக்கள் வழியின் 'பெருமை'யைப் பாடப் போகிறேன் என்று ஒரு பெண் தொடங்கும்போதே குத்தல் தொடங்கிவிடுகிறது.

அக்குத்தல் படலப் பெயர்களிலும் தொடர்கிறது. குலமுறை கிளத்து படலம், மாமி அரசியற் படலம், நாகாஸ்திரப் படலம், கருடாஸ்திரப் படலம், கடலாடு படலம் என்று பெயர்கள் வருகின்றன. கம்பராமாயணம் படித்தவர்க்கு இவற்றுள் சில உடனே செவியில் படும். பாலகாண்டத்தில் குலமுறை கிளத்து படலம் என்று ஒன்று உண்டு. விசுவாமித்திரர் சனகனிடம் இராமனுடைய முன்னோரை வரிசையாக எடுத்துச் சொல்லும் இடம் அது. அங்கே தந்தை, மகன், அவன் மகன் என்று வெயிலோன் குலம் நேராக இறங்கி வருகிறது. மான்மியத்தின் தலைவி தன் குலமுறையைக் கிளத்தப் புகும்போது அந்நேர்கோடு கிடைக்கவில்லை. தந்தையின் பெயர் சொன்னால் சொத்து இல்லை. சொத்தின் பெயர் சொன்னால் தந்தை இல்லை. அரசியற் படலமும் கம்பரிடம் உண்டு. அங்கே ஆள்பவன் தயரதன், இங்கே ஆள்பவள் மாமி. நாகபாசத்தையும் கருடனையும் யுத்தகாண்டத்தில் கண்டவர்கள், அவை இங்கே குடும்பச் சண்டையின் படைக்கலங்களாக வருவதைக் காணலாம். 'கடலாடு' என்பது சிலப்பதிகாரத்தின் காதைப் பெயரை நினைவூட்டும். கற்றவர் மட்டுமே சிரிக்கக்கூடிய சிரிப்பு இது. ஆனால் பேசும் பெண்ணோ நாட்டுப்புறத்துப் பேச்சையே பேசுகிறாள். காப்பியத்தின் தலைப்பும் அடுப்படியின் பேச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதே இந்நூலின் சொல்லழகு என்பது என் கருத்து.

வீட்டுத் தலைவனுக்குப் பெயர் காரணவன். காரணம் என்னும் வடசொல்லோடு தமிழ் விகுதி சேர்ந்து அமைந்த சொல். சைவ நூல்களில் உலகுக்கு முதலாகிய இறைவனைக் காரணன் என்பர். குடும்பத்துக்கு முதலாய் நின்று, அதன் பொருளைக் காத்து, இளையவர்க்குச் சோறும் கல்வியும் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்னும் கருத்தில் தோன்றியிருக்க வேண்டும் இப்பெயர். மலையாளத்தில் இன்றும் 'காரணவர்' என்றால் மதிப்புக்குரிய முதியவர். ஊரில் உள்ள பெரியவர்களைக் காரணவன்மார் என்று அன்பாகச் சொல்வதை நம் நகரத் தெருவில் நாள்தோறும் கேட்கலாம். மான்மியத்தில் இச்சொல்லுக்கு அந்த மதிப்பு இல்லை. குடும்பம் கெடுவதற்குக் காரணமானவன் என்னும் பொருளே அங்கே ஒலிக்கிறது. கவிமணி அதனை விளக்கிச் சொல்லவில்லை, கதையே சொல்லிவிடுகிறது.

காரணவனுக்கு அடுத்த நிலையில் இருப்பவன் அனந்தரவன். அந்தரம் என்றால் இடைவெளி. அனந்தரம் என்றால் இடைவெளி இன்றி அடுத்து வருவது. காரணவன் போனவுடன் இடைவெளி இன்றி அந்த இடத்தில் வந்து அமர்பவன் என்பதால் அனந்தரவன். திருவனந்தபுரத்தின் பெயரில் உள்ள அனந்தனுக்கும் இதற்கும் உறவு உண்டோ என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. அனந்தன் என்பது அந்தம் இல்லாதவன், முடிவற்றவன் என்னும் பொருளது. ஓர் எழுத்து மிகுந்ததும் முடிவின்மை போய் வாரிசு வந்துவிட்டது.

இனி, இந்நூலின் சொற்களுள் என் உள்ளத்தை மிகவும் தைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 'உகந்துடைமை' என்பது அது. காரணவன் சொத்தில் அவன் பெற்ற மக்களுக்கு உரிமை இல்லை என்றாலும், அவர்களுக்கென்று ஒரு சிறு பங்கைக் கொடுப்பது நாஞ்சில் நாட்டு வழக்கம். அந்தப் பங்குக்கு உகந்துடைமை என்று பெயர். வழக்காகத் தொடங்கிச் சட்டச் சொல்லாகவே நிலைபெற்றது அது. திருவிதாங்கூர் நீதிமன்றங்களில் வழங்கியது.

உகந்து, உடைமை என்று பிரிக்கலாம். உடைமை என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. உகத்தல் என்பது அழகான பழஞ்சொல். தொல்காப்பிய உரியியலில் உகப்பு என்பதற்கு உயர்வு என்று பொருள் காட்டப்பட்டிருக்கிறது. உயர்தலிலிருந்து உள்ளம் உயர்தல், மகிழ்தல், விரும்புதல் என்று பொருள் விரிந்தது. வைணவர், திருமால் விரும்பி எழுந்தருளிய தலங்களை 'உகந்தருளின நிலங்கள்' என்பர். நம்மாழ்வாரால் பாடப்பெற்ற நம் அனந்தபுரமும் அவ்வாறு உகந்தருளின நிலங்களுள் ஒன்றே. ஆண்டவன் உகந்து தங்கிய இடத்துக்கு வழங்கும் அதே வினையெச்சம், தந்தை தன் மகனுக்குப் போடும் பங்கின் பெயரிலும் அமர்ந்திருக்கிறது.

பெயரை வைத்தவர் யாரோ, நல்ல நெஞ்சினர். மகிழ்ந்து கொடுத்த பொருள் என்று அவர் எண்ணினார். ஆனால் உகந்து கொடுப்பது என்றாலே, கொடுக்காமலும் இருக்கலாம் என்றுதானே பொருள்? உரிமையாய் இருந்தால் அதற்கு உகப்பு எதற்கு? தன் மகனுக்குத் தகப்பன் கொடுப்பது தானத்தைப் போன்ற செயலாகிவிட்டது. அத்தானத்தையும் மருமகன் மறுத்தால், வழக்காடித்தான் பெற வேண்டும். உகந்து கொடுத்ததை வழக்காடிப் பெறுவது என்னும் முரண்பாட்டை அச்சொல்லே தன்னுள் வைத்திருக்கிறது.

வழக்காடுதல் என்றதும் 'கோடேறிக் குடிமுடித்த படலம்' நினைவுக்கு வருகிறது. கோடு என்பது இங்கே கோர்ட்டு, நீதிமன்றம். ஆங்கிலச் சொல் நாட்டுப்புறத்து நாவில் கோடு ஆயிற்று. ஆனால் தமிழில் முன்னமே ஒரு கோடு இருந்தது. மரத்தின் கிளை கோடு. யானையின் கொம்பு கோடு. மலையின் முடி கோடு. இவையெல்லாம் ஏறுவதற்கு உரியவை அல்லது குத்துவதற்கு உரியவை. கிளையின் நுனிக்கு ஏறியவன் விழுவான் என்பது சொல்லாமலே விளங்கும். இதற்கும் மேலே ஒன்று உண்டு. கோடுதல் என்றால் வளைதல், நேர்மை தவறுதல். நடுவுநிலைமையைப் பற்றிய அதிகாரத்தில் திருவள்ளுவர் 'கோடாமை' என்று சொல்வது இதன் எதிர்மறையே. நீதி வழங்கும் மன்றத்துக்கு, நீதி வளைவதைக் குறிக்கும் சொல்லே பெயராக வந்து வாய்த்தது மொழியில் நேர்ந்த தற்செயல். கவிஞர் அத்தற்செயலை விட்டுவிடவில்லை. கோடேறினான், குடிமுடித்தான், உரிமையைக் கேட்டுச் சென்றவன் வயலையும் வீட்டையும் வழக்குச் செலவுக்கு விற்றுத் திரும்பினான் என்பது அத்தொடருக்குள் அடங்கிவிடுகிறது. 'குடி முடித்தல்' என்பது மங்கலச் சொல் போலத் தோன்றினும், குடியைக் கெடுத்தல் என்பதே அதன் பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பரிகலப் படலம் என்று ஒன்றும் உண்டு. பெரியோர் உண்ணும் கலத்துக்குப் பரிகலம் என்று பெயர். குருவின் பரிகலத்தில் எஞ்சியதை உண்பதைப் பேறாகச் சைவ அடியார் கருதினர். அத்தகைய சொல்லைக் குடும்பத்துப் பந்தியில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்பதை நூலில் படித்துக்கொள்க. இங்கே ஓர் இடைச்செய்தி சொல்லத் தோன்றுகிறது. கலம் என்னும் இதே சொல்லைப் பற்றிக் கல்வெட்டறிஞரிடையே பெரிய வழக்கு உண்டு. முதலாம் இராசராசன் காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்தான் என்று அவன் மெய்க்கீர்த்தி கூறும். அந்தக் கலம் மரக்கலமா, உண்கலமா, ஆவணமா என்று மூவகையாகப் பொருள் கொண்டனர். காந்தளூர்ச் சாலை நம் நகரத்து வலியசாலைப் பகுதியே என்பது பலர் கருத்து. அதனைக் குறித்து ஆராய்ந்து 1939 இல் ஆங்கிலத்தில் சிறு நூல் எழுதியவர் வேறு யாருமல்லர், நம் கவிமணியே. குழந்தைக்குப் பாட்டு எழுதிய கை, கல்வெட்டின் மையொற்றுப் படியையும் புரட்டியிருக்கிறது. சொல்லின் பொருள் ஒன்று மாறினால் ஒரு போரே விருந்தாக மாறிவிடும் என்பதை நன்கு அறிந்த கை அது.

'கும்பியெரிச்சல்' என்பது இன்னொரு படலத்தின் பெயர். கும்பி என்றால் வயிறு. கும்பி கூழுக்கு அழுகிறது, கொண்டை பூவுக்கு அழுகிறது என்னும் பழமொழியைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குடத்தைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்த சொல் இது. குடம் போன்ற வயிறு. கும்பி என்பதற்கு நரகம் என்றும், சுடுசாம்பல் என்றும் வேறு பொருள்கள் உண்டு. பசியால் எரியும் வயிறும், ஆற்றாமையால் எரியும் வயிறும், நரகத்தின் தழலும் மூன்றும் அச்சொல்லில் கேட்கின்றன. 'வயிற்றெரிச்சல்' என்று எழுதியிருந்தால் பொருள் விளங்கியிருக்கும்; நெருப்பு இவ்வளவு பட்டிராது.

பாட்டம், ஒற்றி முதலிய நிலவுரிமைச் சொற்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டம் என்பது பழைய கல்வெட்டுகளில் வரியைக் குறித்து, மலையாள நாட்டில் குத்தகையைக் குறிப்பதாயிற்று. ஒற்றி, இரு நாட்டுக்கும் பொது. மாமனை 'அம்மாவன்' என்பதும் மலையாளத்துக்குரிய வழக்காகவே இன்று எண்ணப்படுகிறது. ஆழ்வார் பாசுரங்களில் வரும் அம்மானின் உடன்பிறப்பே அது.

இச்சொற்கள் அகராதியில் கிடைக்குமா என்று கேட்பீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939 இல் பிற்சேர்க்கை வந்தது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்தவர் பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை. அவர் அதற்குமுன் திருவனந்தபுரத்தில் சில ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர், பின்னர் 1951 முதல் 1954 வரை இங்குள்ள பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைக்குத் தலைமை தாங்கியவர், கவிமணியின் நண்பர். அப்பேரகராதியில் நாஞ்சில் நாட்டு வழக்கு என்னும் குறிப்போடு பல சொற்கள் ஏறியிருக்கின்றன.  ஆயினும் அகராதி, சொல்லுக்கு நேராகப் பொருளை வைக்குமே அன்றி, அச்சொல்லைச் சொல்பவள் வீட்டுக்கு உள்ளே நிற்கிறாளா, வெளியே நிற்கிறாளா என்று சொல்லாது.

1926 ஆம் ஆண்டில், அதாவது கொல்லம் 1101 இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மருமக்கள்வழி நீங்கி மக்கள்வழிக்கு இடமுண்டாயிற்று. மான்மியம் ஊரார் உள்ளத்தை முன்னமே கரைத்திருந்தது என்பதை நாஞ்சில் நாட்டார் பலரும் சொல்வர். நாயர் சமுதாயத்துக்கான திருவிதாங்கூர்ச் சட்டங்கள் 1912 இலும் 1925 இலும் வந்தன. 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளையும் அகத்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கேரளத்தில் கூட்டுக்குடும்ப முறையையே ஒழிக்கும் சட்டம் 1975 இல் இயற்றப்பெற்று, 1976 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் மாறியதும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாகச் சென்றன. மருமகன் மீண்டும் மகளைக் கொண்டவனாகி விருந்துக்கு வருகிறான். காரணவர் மலையாளத்தில் மதிப்போடு வாழ்கிறார், தமிழில் மறைந்துபோனார். கோடு, கோர்ட்டாகிவிட்டது. உகந்துடைமை இன்று நூலில் மட்டும் இருக்கிறது. அது மறைந்ததற்கு வருந்துவார் எவரும் இலர். அது மறையவேண்டும் என்பதற்காகவே கவிமணி பாடினார். ஆனால் அதன் பொருளும் மறைந்துவிடுமானால், மான்மியம் வெறும் நகைச்சுவையாக நின்றுவிடும்.

இன்னும் தீராத சொல் ஒன்று இருக்கிறது. மனைவியின் பிழைப்புக்கென வகுத்த பங்குக்கு நாஞ்சில் நாட்டில் 'நங்குடைமை' என்று பெயர் வழங்கிற்று. இதனை நன்கு, உடைமை என்று பிரித்தால், நல்ல பொருள் என்று ஆகும். உகந்துடைமைக்கு இணையாக நிற்கும். நங்கை, உடைமை என்று கொண்டு, வாய்மொழியில் ஐகாரம் குறைந்தது என்றால், பெண்ணுக்குரிய பொருள் என்று ஆகும். முன்னதில் அது கொடுப்பவனின் நன்மையைக் காட்டும் சொல். பின்னதில் அது பெறுபவளின் உரிமையைக் காட்டும் சொல். எனக்குப் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவது சான்றாகாது. நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில், மச்சிலும் பெட்டியிலும், பங்கு எழுதிய ஓலைச் சுருணைகள் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றை வைத்திருக்கும் பெரியவர்கள் ஒருமுறை அவிழ்த்துப் பார்க்க வேண்டுகிறேன். அந்தச் சொல்லில் இரண்டாம் எழுத்து றன்னகரமா, ஙகரமா, அதனை அடுத்து ஐகாரம் உண்டா என்று கண்டு சொன்னால் போதும்.